செனெகல் கரையில் ஒரு குடும்பம்

(பங்கு யூபிலி விழாவின் மாலைக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



 “மறைபரப்புப் பணியில் குடும்பம்” என்னும் பொருள்பற்றிப் பேசும்படி விழாக் குழுவினர் என்னைக் கேட்டுக்கொண்டனர். பிரசங்கம் செய்ய நம் சாமியார் இருக்கிறார். நான் பள்ளிக்கூடத்தில் சரித்திரம் சொல்லிக்கொடுத்து ஓய்வுபெற்றவள். நடந்ததைச் சொல்லத்தான் எனக்குத் தெரியும். ஆகையால், ஒரே வீட்டில் பிறந்த அக்காளும் தங்கையும் ஆப்பிரிக்காவில் ஒரு சிறு பட்டணத்துக்குப் போய்ப் பணி செய்த வரலாற்றைச் சொல்லப் போகிறேன். எத்தனை பேருக்கு ஞானஸ்நானம் நடந்தது என்ற கணக்கு இதில் வராது. அந்த ஊரில் தண்ணீர் எப்படிக் கிடைத்தது, அடுப்பில் என்ன வெந்தது, சந்தையில் எதைக் கொடுத்து எதை வாங்கினார்கள், பிள்ளைகள் எந்தப் பாஷையில் படித்தார்கள் என்பவைதான் வரும். முன்வரிசையில் தாய்மார்கள் நிறைய உட்கார்ந்திருப்பதால் இது பொருத்தமாகவே இருக்கும் என்று நம்புகிறேன்.

கண்டமங்கலத்தில் பஸ் ஏறினால் புதுச்சேரி எவ்வளவு தூரம்! அங்கே குளூனி சூசையப்பர் சபைக் கன்னியரின் பள்ளிக்கூடத்தை அறியாதவர் நம்மில் இருக்க முடியாது. அந்தக் கன்னியர் புதுச்சேரியில் வந்து இறங்கியது 1827-ஆம் ஆண்டு. அவர்கள் பிரெஞ்சு தேசத்திலிருந்து நேராக இங்கே வந்துவிட்டவர்கள் போல நாம் நினைத்துக்கொள்கிறோம். அதற்கு எட்டு ஆண்டுகளுக்கு முன்பே அந்தச் சபை ஆப்பிரிக்காவின் மேற்குக் கரையில் வேலை தொடங்கிவிட்டது. அங்கே போனவர்களுக்குத் தலைவியாக இருந்தவர், சபையைத் தொடங்கிய அன்னையின் கூடப்பிறந்த தங்கை.

பிரெஞ்சு தேசத்தில் பர்கண்டி என்ற பகுதி. அங்கே பல்தசார் ஜவுவே என்று வசதியான ஒரு விவசாயி. அவருடைய பெண்களில் ஒருத்தி 1779-இல் பிறந்த அன்னமரி. வீட்டில் கூப்பிடும் பெயர் நானெத். பிரெஞ்சுப் புரட்சியின்போது குருக்களைத் தேடிப் பிடித்துக்கொண்டிருந்த காலத்தில், இந்தப் பெண் தலைமறைவாய்த் திரிந்த குருக்களுக்கு அடைக்கலம் தேடிக் கொடுத்தாள். அக்கம்பக்கத்துப் பிள்ளைகளைக் கூட்டி ஞானோபதேசம் சொல்லிக்கொடுத்தாள். பிறகு கன்னியாகப் போகிறேன் என்றாள். தகப்பனார் முதலில் இணங்கவில்லை. எந்தத் தகப்பன் உடனே இணங்குவான்? அதோடு போகவில்லை. பியெரெத், மரி பிரான்சுவாஸ், குளோதீன் என்ற மூன்று தங்கைகளும் அக்காள் பின்னாலேயே கிளம்பினார்கள். 1807-இல் நால்வரும் ஒன்றாக வார்த்தைப்பாடு கொடுத்தார்கள். நம் ஊரில் ஒரு வீட்டில் நான்கு பெண்கள் இருந்து நால்வரும் இப்படிச் சொன்னால் அந்த வீட்டில் என்ன நடக்கும் என்று நினைத்துப் பாருங்கள். ஆனால் பல்தசார் மனம் மாறினார். 1812-இல் குளூனி என்ற ஊரில் பழைய மடம் ஒன்றைத் தம் பணத்தில் வாங்கிப் பெண்களுக்குக் கொடுத்தார். அதனால்தான் சபைக்குக் குளூனி என்ற பெயர். நாலாவது பெண் குளோதீன் மடத்தில் எடுத்துக்கொண்ட பெயர் ரொசலி. இன்றைய கதை முக்கியமாக இந்த ரொசலியைப் பற்றியது.

செனெகல் நதி கடலில் கலக்கும் இடத்தில் ஒரு தீவு. அதன்மேல் சேன் லூயி என்ற பட்டணம். பட்டணம் என்று மரியாதைக்குச் சொல்கிறோம். இரண்டு கிலோமீட்டருக்குச் சற்று மேல் நீளம், அரைக் கிலோமீட்டர்கூட இல்லாத அகலம். சுண்ணாம்பு அடித்த செங்கல் வீடுகள் கொஞ்சம், வைக்கோல் வேய்ந்த குடிசைகள் நிறைய. இன்று கரையோடு அந்தத் தீவைச் சேர்க்கும் பெரிய இரும்புப் பாலம் 1897-இல் வந்தது, அந்நாளில் படகுதான். மேற்கே நதிக்கும் கடலுக்கும் நடுவில் ஒல்லியான மணல்திட்டு. அதில் மீனவர் குப்பம். நதி கடலில் விழும் முகத்துவாரத்தில் மணல் மேடிட்டு அலை புரளும். அதைத் தாண்டிக் கப்பல் உள்ளே வருவது கண்டம்.

அந்தக் கடலைப்பற்றி ஒரு செய்தி சொல்லவேண்டும். 1816-இல் அந்த ஊருக்கு ஆளுநரை ஏற்றிவந்த ‘மெதூசா’ என்ற கப்பல் மணலில் தட்டி உடைந்தது. படகுகளில் இடம் போதாமல் ஏறத்தாழ 147 பேரை ஒரு கட்டுமரத்தில் ஏற்றி விட்டுவிட்டார்கள். கண்டுபிடித்தபோது உயிரோடிருந்தவர் 15 பேர். இந்தச் செய்தி ஐரோப்பா முழுவதும் பரவியிருந்தது. மூன்றே ஆண்டு கழித்து, 1819-இல், அதே வழியில் கப்பலேறினாள் ரொசலி. முப்பது வயது ஆகவில்லை. கூட வந்தவர் ஒரு கைவிரல் எண்ணிக்கையைச் சற்றே தாண்டிய கன்னியர். ஆஸ்பத்திரியை நடத்தக் கன்னியர் வேண்டும் என்று அரசாங்கம் கேட்டிருந்தது. அக்காள் தன் தங்கையையே தேர்ந்து அனுப்பினாள். ஆபத்தான இடத்துக்கு அடுத்த வீட்டுப் பெண்ணை அனுப்புவதைவிடத் தன் வீட்டுப் பெண்ணை அனுப்புவதுதான் நியாயம் என்று அவள் நினைத்திருக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

மார்ச் மாதம் போய்ச் சேர்ந்தார்கள். ஆஸ்பத்திரி என்று பெயர்தான். சுத்தமும் இல்லை, ஒழுங்கும் இல்லை. நோயாளிகள் பெரும்பாலும் சிப்பாய்கள், மாலுமிகள். வந்தவர்கள் பள்ளிக்கூடம், உபதேசம் என்றெல்லாம் நினைத்து வந்திருக்கலாம். கைக்குக் கிடைத்த வேலை துடைப்பமும் வெந்நீரும்.

இனித் தண்ணீருக்கு வருகிறேன். தீவைச் சுற்றி எங்கும் நதி. ஆனால் வருஷத்தில் பாதி நாள் அந்தத் தண்ணீரைக் குடிக்க முடியாது. மழைக்காலத்தில், ஜூலை மாதத்துக்குமேல், மேற்கேயுள்ள கடலை நோக்கி நதி பெருக்கெடுத்து வரும்; அப்போது நல்ல தண்ணீர். வெள்ளம் வடிந்ததும் கடல்நீர் நதிக்குள் ஏறிவிடும். தீவைத் தாண்டி வெகுதூரம் உப்பு. பிறகு மணல்திட்டில் குழி தோண்டி ஊறும் நீரை மொண்டுவர வேண்டும், அல்லது ஆற்றில் மேலே போய்ப் படகில் கொண்டுவர வேண்டும். நம் ஊரில் கோடையில் ஆற்று மணலில் ஊற்றுப் பறித்துக் குடத்தை நிரப்பிய பாட்டிமார்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. உப்புத் தண்ணீரில் சவுக்காரம் நுரைக்காது. ஒரு ஆஸ்பத்திரியின் படுக்கைத் துணி, கட்டுத் துணி, காய்ச்சல்காரன் வாந்தியெடுத்த துணி, இவ்வளவையும் அப்படிப்பட்ட ஊரில் வெளுத்தாக வேண்டும். மறைபரப்பு என்றால் கையில் சிலுவையோடு கரையில் நிற்கும் படம்தான் நமக்கு நினைவு வருகிறது. எனக்கோ துவைத்த துணிகள் கொடியில் தொங்குவதுதான் கண்முன் நிற்கிறது.

அருமையாகக் கிடைத்த தண்ணீரை ஜாடியிலும் பானையிலும் சேமித்து வைத்தார்கள். யமன் அதற்குள்தான் இருந்தான். மஞ்சள் காய்ச்சல் கொசுவால் பரவுகிறது என்று நிரூபித்தது 1900-ஆம் ஆண்டில். வீட்டுக்குள் சேமித்த நல்ல தண்ணீரில்தான் அந்தக் கொசு முட்டையிடும். அது வேறு யாருமல்ல. இன்று நம் வீட்டுத் தொட்டியிலும் பழைய டயரிலும் பெருகி டெங்குவைக் கொடுக்கிற அதே கொசு. 1819-இல் இதை யார் அறிவார்? கெட்ட காற்று என்றார்கள். இரத்தம் எடுப்பதுதான் அந்நாளைய வைத்தியம். சிங்கோனாப் பட்டையிலிருந்து கொய்னாவைப் பிரித்தெடுத்ததே 1820-இல்தான். அதுவும் மலேரியாவுக்குத்தான் ஆகும், மஞ்சள் காய்ச்சலுக்கு ஆகாது. ஆகவே கன்னியரிடம் மருந்து என்று சொல்லத் தக்கது ஏதும் இல்லை. தண்ணீர் கொடுப்பது, உடம்பைத் துடைப்பது, இரவில் விழித்திருப்பது, இறந்தால் கண்ணை மூடுவது, இவைதான் செய்ய முடிந்தவை. சேன் லூயியில் 1830-லும் 1878-லும் மஞ்சள் காய்ச்சல் பெருவாரியாக வந்து ஊரையே வாரிக்கொண்டு போயிற்று.

சாப்பாட்டுக்கு வருவோம். இந்த இடத்தில் நம் பக்கத்து ஜனங்கள் ஆச்சரியப்படுவார்கள். அந்த நாட்டின் அன்றாட உணவு கம்பு. நாம் கூழ் காய்ச்சுகிறோமே, அதே கம்பு. அது பிறந்த இடமே மேற்கு ஆப்பிரிக்காதான். ஏறத்தாழ நாலாயிரம் ஆண்டுகளுக்கு முன் நம் நாட்டுக்கு வந்தது என்று ஆராய்ச்சியாளர் சொல்கிறார்கள். விடியுமுன் பெண்கள் உரலில் கம்பு இடிக்கும் சத்தத்தோடுதான் செனெகலில் ஊர் கண்விழிக்கும். இடித்துச் சலித்த மாவைத் தண்ணீர் தெளித்து உருட்டி, அடியில் துளையுள்ள பானையில் வைத்து, கொதிக்கும் பானைமேல் ஏற்றி ஆவியில் வேகவைப்பார்கள். நம் புட்டுக்கு அக்காள் என்று சொல்லலாம். தொண்டையில் இறங்குவதற்காக ஒரு மரத்தின் இலையைக் காயவைத்துப் பொடி செய்து கலப்பார்கள். அந்த மரம் நம் நாட்டில் அங்கொன்று இங்கொன்றாய் நிற்கிற பப்பரப்புளி. தொட்டுக்கொள்ளக் கருவாடு. புளியமரமும் அந்த மண்ணுக்குச் சொந்தந்தான். புதுச்சேரிக்காரி ஒருத்தி அந்த ஊருக்குப் போயிருந்தால் முதல் நாளே அடுப்பை மூட்டியிருப்பாள்! கோதுமை ரொட்டியிலும் பசு வெண்ணெயிலும் வளர்ந்த பர்கண்டிப் பெண்களுக்குத்தான் எல்லாம் புதிது.

இன்னொரு ஆச்சரியம் துணி. சேன் லூயியில் பிசின் வியாபாரம் பெரிது. நதியின் வடகரையில் இருந்த மூர் ஜாதியார் பாலைவன ஓரத்து வேலமரங்களில் பிசின் எடுத்துக் கொண்டுவருவார்கள். ஐரோப்பாவில் சீட்டித் துணிக்குச் சாயம் அச்சடிக்க அது வேண்டும். அந்தப் பிசினுக்கு அவர்கள் வாங்கிக்கொண்ட விலை வெள்ளியோ பொன்னோ அன்று. ‘கினே’ என்ற நீலத் துணி. ஏறத்தாழ 16 மீட்டர் நீளமுள்ள ஒரு துணிதான் அங்கே நாணயம்போல. அந்தத் துணி எங்கிருந்து போயிற்று தெரியுமா? புதுச்சேரியிலிருந்து! புதுச்சேரியிலும் அதைச் சுற்றிய தென்னார்க்காட்டு ஊர்களிலும் கைத்தறியில் நெய்து, நம் கொல்லைகளில் விளைந்த அவுரியில் தோய்த்து, பொர்தோவுக்குப் போகிற வியாபாரிகள் கையில் ஏறிச் செனெகல் சேர்ந்தது. மூர்கள் கெட்டிக்காரர்கள். துணியை மோந்து பார்த்தே, தடவிப் பார்த்தே, புதுச்சேரிச் சரக்கா வேறு சரக்கா என்று சொல்லிவிடுவார்கள். நீலம் உடம்பில் ஒட்டினால் அவர்களுக்குச் சந்தோஷம். கலப்படச் சரக்கு வராமலிருக்க 1843-இல் பிரெஞ்சு அரசாங்கம் துணிக்கு நீள அகலமும் எடையும் குறித்துச் சட்டமே போட்டது. பின்னாளில் சுதேசி மில் என்று நாம் அறிந்த சவானா ஆலை 1828-இல் எழுந்ததும் இந்தக் கினே வியாபாரத்தை நம்பித்தான்.

ஆக, குளூனிக் கன்னியர் புதுச்சேரியைப் பார்ப்பதற்கு எட்டு ஆண்டுகளுக்கு முன்பே புதுச்சேரித் துணியைப் பார்த்துவிட்டார்கள். ஆஸ்பத்திரி வாசலில் நடமாடியவர்களின் தோளில் நம் நெசவாளியின் கைவேலை இருந்தது.

இதில் பெருமைப்பட்டுக்கொள்வதோடு நிறுத்திவிடக் கூடாது. பதினெட்டாம் நூற்றாண்டில் இதே இந்தியத் துணிகளைக் கொடுத்துத்தான் அந்தக் கரையில் மனிதர்களை அடிமைகளாக வாங்கிக் கப்பலேற்றினார்கள். நெய்தவனுக்கு அது தெரியாது. நெய்தவனும் அரைவயிற்றுக் கஞ்சிக்காரன்தான். 1848-இல் பிரெஞ்சு ஆட்சியில் அடிமைத்தனம் ஒழிந்தபோது, அடிமைகள் விட்டுப்போன கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் தேடி, நம் பக்கத்து ஏழைகளைப் புதுச்சேரியிலும் காரைக்காலிலும் ஒப்பந்தக் கூலிகளாய் ரெயூனியன் தீவுக்கு ஏற்றினார்கள். முதலில் துணி போயிற்று, பிறகு நெய்தவர் வீட்டுப் பிள்ளைகள் போனார்கள். சரித்திரம் படிக்கிறவர்களுக்கு இப்படிப்பட்ட இடங்களில் தூக்கம் கெடும்.

ரொசலி வந்த காலத்தில் சேன் லூயியில் மிகப் பலர் அடிமைகள். கடல் தாண்டி அடிமைகளை விற்பது சட்டப்படி நின்றிருந்தது. வீட்டுக்குள் அடிமைகளை வைத்திருப்பது நிற்கவில்லை. கம்பு இடிப்பவள் அடிமை, தண்ணீர் தூக்குபவள் அடிமை, படகு தள்ளுபவன் அடிமை. கன்னியர் தம் வேலையைத் தாமே செய்துகொண்டது அந்த ஊரில் பார்ப்பவர்களுக்கு விநோதமாக இருந்திருக்கும்.

சரி, பூசைக்கு என்ன செய்தார்கள் என்று கேட்பீர்கள். செய்ய முடியவில்லை. அந்த ஊரில் தேவாலயம் என்று சொல்லும்படி ஒன்று கிடையாது. இன்று நிற்கும் கோயில் 1828-இல்தான் முடிந்தது. கோயில் கட்டித் தராத ஆளுநரோடு மனத்தாங்கல் கொண்டு, அங்கிருந்த குரு திருச்சடங்குகளை நிறுத்தி ஊரை விட்டே போய்விட்டார். யார் பக்கம் நியாயம் என்ற வழக்குக்குள் நான் போகவில்லை. கன்னியர் பல மாதம் பூசையின்றி, நற்கருணையின்றி இருந்தார்கள். வேதத்துக்காக வீட்டை விட்டு வந்தவர்களுக்கு வேதத்தின் ஆறுதலே இல்லை. அவ்வளவு நாளும் ஆஸ்பத்திரி வேலை நிற்கவில்லை. பின்னாளில் அக்காளுக்கும் இதே கதி வந்தது. 1842-இலிருந்து ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள், ஓர் ஆயரோடு ஏற்பட்ட பிணக்கினால், தென்அமெரிக்காவில் அவருக்கு நற்கருணை மறுக்கப்பட்டது. சபையைத் தோற்றுவித்தவர், கோயிலுக்குள் எல்லாரும் எழுந்து போக, தாம் மட்டும் இருந்த இடத்தில் முழங்காலில் இருந்தார். நம் பங்கில் ஒரு சின்னப் பேச்சுக்குக் கோபித்துக்கொண்டு பத்து வருஷம் கோயிலுக்கு வராதவர்களை எனக்குத் தெரியும். அவர்கள் பெயரை இங்கே சொல்லமாட்டேன், பயப்பட வேண்டாம்!

அந்த ஊரில் ஒரு பள்ளி ஆசிரியர் இருந்தார். ழான் தார் என்று பெயர். அவரும் பர்கண்டிக்காரர்தான். 1817-இல் பள்ளிக்கூடம் தொடங்கினார். பிள்ளைகளுக்குப் பிரெஞ்சு எழுத்தை எடுத்த எடுப்பில் திணிக்கவில்லை. முதலில் அவர்களுடைய தாய்பாஷையாகிய ‘வோலோஃப்’ மொழியில் படிக்கச் சொல்லிக்கொடுத்தார். அது தெரிந்தபிறகு பிரெஞ்சு. வோலோஃப் மொழிக்கு அகராதியும் இலக்கணமும் எழுதி 1825, 1826-இல் வெளியிட்டார். மெதூசா கப்பலில் தப்பிவந்த ஒரு குடும்பத்தின் மூத்த பெண்ணைத்தான் அவர் மணந்தார். சார்லோத் பிக்கார் என்ற அந்தப் பெண், செனெகலில் பக்கத்துத் தீவில் பருத்தி பயிரிட்டுப் பிழைக்கப் பார்த்துத் தகப்பனையும் தம்பி தங்கைகளையும் நோய்க்குப் பறிகொடுத்த கதையை 1824-இல் புத்தகமாகவே எழுதினாள். ஆப்பிரிக்காவில் குடும்பமாய் வாழ்வது என்றால் என்ன என்பதை அவளைவிட அறிந்தவர் இல்லை. தார் அவர்களின் போதனாமுறை அவருக்குப் பின் நிலைக்கவில்லை, எல்லாம் பிரெஞ்சுமயமாயிற்று. ஆசிரியை என்ற முறையில் சொல்கிறேன், அந்த மனிதர் செய்ததுதான் சரி. தமிழில் ஒரு கடிதம் எழுதத் தெரியாத பிள்ளை இங்கிலீஷில் மார்க்கு வாங்கினால் நாம் பூரித்துப்போகிறோமே, அதனால் சொல்கிறேன்.

1822-இல் அன்னை அன்னமரி தாமே செனெகலுக்கு வந்தார். நாற்பதைத் தாண்டிய வயது, கனத்த சரீரம், உழவர் வீட்டுக் கை. ஆஸ்பத்திரியை ஒழுங்குசெய்தார். விவசாயி மகள் அல்லவா, மண்ணைப் பார்த்ததும் கை துறுதுறுத்தது. நதியில் மேலே தகானா என்ற இடத்தருகே நிலம் பெற்று, ஆப்பிரிக்கர் குடியேறி உழுது பிழைக்கும் கிராமம் ஒன்றை அமைக்கத் திட்டமிட்டார். சும்மா உபதேசம் சொல்லிப் பயனில்லை. பள்ளியும் ஏரும் ஆஸ்பத்திரியும் சேர்ந்து நடக்க வேண்டும் என்பது அவருடைய கொள்கை. பிறகு ஆங்கிலேய ஆளுநர் சர் சார்லஸ் மெக்கார்த்தி அழைத்ததன்பேரில் காம்பியாவுக்கும் சியரா லியோனுக்கும் போனார். அடிமைக் கப்பல்களைப் பிடித்து விடுவிக்கப்பட்டவர்களை ஆங்கிலேயர் ஃப்ரீடவுனில் இறக்கிக்கொண்டிருந்த காலம் அது. அங்கே நோயாளிகளைக் கவனிக்கும்போது தமக்கே மஞ்சள் காய்ச்சல் வந்து பிழைத்தார். 1824-இல் நாடு திரும்பினார்.

இனிச் சொல்லப்போவது எளிதான செய்தி அன்று. ஆப்பிரிக்கருக்கு ஆப்பிரிக்கரே குருக்களாக வேண்டும் என்று அன்னை கண்டார். அக்காலத்தில் இப்படி நினைத்தவர்கள் மிகச் சிலர். அதற்காகச் செனெகல் பிள்ளைகள் சுமார் இருபது பேரைப் பிரெஞ்சு தேசத்துக்கு அழைத்துப் படிக்கவைத்தார். நோக்கம் உயர்ந்தது. ஆனால் வெயிலில் பிறந்த குழந்தைகள் அந்தக் குளிரைத் தாங்கவில்லை. நெஞ்சு நோய் வந்து ஒன்றன்பின் ஒன்றாகப் பல பிள்ளைகள் இறந்துபோனார்கள். அந்தத் தாய்மார்கள் சேன் லூயியில் கப்பலைப் பார்த்துக் காத்திருந்திருப்பார்கள். மூன்று பேர் மிஞ்சி 1840-இல் குருப்பட்டம் பெற்றார்கள்: தாவித் புவாலா, அர்சேன் ஃபிரிதுவால், ழான் பியேர் முசா. செனெகலின் முதல் குருக்கள். ஆரவாரமாய் ஊர் திரும்பினார்கள். ஊரோ அவர்களை நிம்மதியாக இருக்கவிடவில்லை. புவாலா அங்கே லத்தீன் சொல்லிக்கொடுக்கும் கல்லூரி ஒன்றைத் தொடங்கினார். சில ஆண்டுகளில் அது மூடப்பட்டது. அவர் மறுபடி பிரெஞ்சு தேசம் போய், ஒரு கிராமத்தில் பங்குச் சாமியாராக இருந்து 1901-இல் காலமானார். செனெகலைப்பற்றி அவர் 1853-இல் எழுதிய நூலைச் சரித்திரக்காரர்கள் இன்றும் புரட்டுகிறார்கள். ஆப்பிரிக்கக் குருவைப் பிரெஞ்சுக் கிராமத்தார் ஏற்றுக்கொண்டார்கள். ஆப்பிரிக்காவில் இருந்த பிரெஞ்சுக்காரர் ஏற்றுக்கொள்ளவில்லை.

குழந்தைகளைக் கூட்டிப்போனது தவறா சரியா? இங்கேயே ஒரு பள்ளி வைத்துச் சொல்லிக்கொடுத்திருக்கலாம் என்று இன்று உட்கார்ந்துகொண்டு நான் சொல்லிவிடலாம். அன்னையின் வரலாற்றை எழுதுகிறவர்கள் மூன்று குருக்களை எழுதிவிட்டு, இறந்த பிள்ளைகளை ஒரு வரியில் கடந்துபோகிறார்கள். எனக்கு அது மனத்துக்கு ஒப்பவில்லை. நம் வீட்டுப் பிள்ளையை எட்டு வயதில், பாஷை தெரியாத பனிதேசத்துக்கு அனுப்புவோமா என்று கேட்டுப் பார்த்துத்தான் அந்தப் பக்கத்தைப் படிக்க வேண்டும். அனுப்பிய தாய்மார்களின் பெயர்கள் எந்த நூலிலும் பெரிய எழுத்தில் இல்லை.

செனெகலில் கற்றுக்கொண்டதை அன்னை தென்அமெரிக்காவில் மானா என்னும் இடத்தில் செய்துகாட்டினார். அடிமைக் கப்பல்களிலிருந்து மீட்கப்பட்ட ஏறத்தாழ ஐந்நூறு ஆப்பிரிக்கரை அரசாங்கம் அவர் பொறுப்பில் விட்டது. நிலம், குடிசை, தொழில் என்று சுதந்திர வாழ்க்கைக்குப் பழக்கி, 1838 மே மாதம் அவர்களில் பலருக்கு விடுதலை வாங்கிக்கொடுத்தார். பிரெஞ்சு ஆட்சியில் அடிமைத்தனம் முழுதும் ஒழிய இன்னும் பத்து ஆண்டு இருந்தது. தோட்ட முதலாளிகள் அவர்மேல் கொண்ட கோபத்துக்கு அளவில்லை.

1827-இல் புதுச்சேரியில் இறங்கிய கன்னியர் இந்தச் சபையிலிருந்து வந்தவர்கள். அக்காளும் தங்கையும் காய்ச்சல்கார ஊரில் பழகிவைத்த வழக்கங்களோடு வந்தவர்கள். முதலில் துடைப்பத்தை எடு, பிறகு புத்தகத்தைத் திற என்ற அந்த முறையை, அவர்களிடம் படித்த எங்களுக்கு நன்றாகத் தெரியும்! மடத்துத் தரையில் முகம் பார்க்கலாம்.

அன்னமரி 1851 ஜூலை மாதம் பாரீஸில் இறந்தார். சபைக்கு அடுத்த தலைவி யார் என்று கேட்டால், செனெகலுக்கு முதலில் போன தங்கை ரொசலிதான். 1868 வரை சபையை நடத்தினார். 1950-ஆம் ஆண்டு, உலகத் திருச்சபை யூபிலி கொண்டாடிய அந்தப் பரிசுத்த வருஷத்தில், அக்டோபர் 15-ஆம் நாள் பன்னிரண்டாம் பத்திநாதர் அன்னமரிக்கு முத்திப்பேறு பெற்றவர் பட்டம் அளித்தார்.

இப்போது நிலைமை தலைகீழ். நம் தமிழ்நாட்டுக் குருக்களும் கன்னியரும் ஆப்பிரிக்காவுக்குப் போகிறார்கள். 1980-ஐ ஒட்டிச் சலேசிய சபை இந்தியாவிலிருந்து கென்யா, தான்சானியா, சூடான் முதலிய நாடுகளுக்கு ஆட்களை அனுப்பியது. பிற சபைகளும் அனுப்பிவருகின்றன. அவர்களைக் கேட்டுப் பாருங்கள். முதல் கடிதத்தில் தண்ணீரைப்பற்றியும் காய்ச்சலைப்பற்றியும் சாப்பாட்டைப்பற்றியும்தான் எழுதியிருப்பார்கள். அம்மாவுக்கு எழுதும் கடிதத்தில் வேறென்ன எழுதுவது? இப்போது செல்போனில் முகம் பார்த்தே பேசிவிடுகிறார்கள். ரொசலியின் கடிதம் அக்காளுக்குப் போய்ச் சேரக் கப்பலும் காற்றும் மனம் வைக்கவேண்டும். பதில் வருமுன் ஒரு மழைக்காலம் கடந்துவிடும். அந்த மழைக்காலத்தில் எழுதியவள் உயிரோடிருந்தாளா என்பது கடிதத்தைப் படிக்கிறவளுக்குத் தெரியாது.

அப்படிப் பிள்ளையை அனுப்பிவிட்டு இங்கே இருக்கிற தாய் தகப்பன்மார் இந்தக் கூட்டத்தில் இருந்தால், கூட்டம் முடிந்ததும் என்னை வந்து பாருங்கள். உங்கள் பிள்ளைகள் எழுதிய கடிதங்களைப் பத்திரமாக வைத்திருங்கள். கரையான் அரிக்க விடாதீர்கள். அன்னை அன்னமரியின் கடிதங்களைச் சபையார் காப்பாற்றி வைத்ததால்தான் இன்று நாம் அவரைப்பற்றிப் பேச முடிகிறது. நம் பங்கின் அடுத்த யூபிலி மலருக்கு உங்கள் பெட்டியில் இருக்கும் கடிதங்கள் வேண்டும்.

அதோ, பந்திக்கு இலை போடுகிறார்கள் என்று சாமியார் சைகை காட்டுகிறார். கம்பங்கூழும் உண்டு என்று கேள்விப்பட்டேன்.